இரண்டு டிஸ்க்கும் ஒரு நாற்றங்காலும்

தம்பி,

நீயும் அப்பாவும் பத்திரிகை வைக்கத் திருமலைராயன்பட்டினம் பக்கம் போயிருக்கிறீர்கள். திரும்பி வர மாலை ஆகிவிடும். உன் அப்பா ஒரு வீட்டில் உட்கார்ந்தால் மூன்று வீட்டுக்கான நேரத்தை அங்கேயே செலவழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இங்கே கோவில்பத்து வீட்டில் நானும், கட்டுக்கட்டாகத் தாம்பூலப் பைகளும், நேற்று நீ கோபத்தில் பட்டென்று மூடிவைத்த உன் லேப்டாப்பும்தான் மிச்சம். கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் நீயும் கயலும் ஜெர்மனிக்குக் கிளம்பிவிடுவீர்கள். அதற்கப்புறம் உன்னை உட்காரவைத்துப் பேச எனக்கு எப்போது வாய்க்கப்போகிறது? அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்.

நேற்று நீ அந்த லேப்டாப்போடு மல்லுக்கட்டியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புது வேலைக்கு லினக்ஸ் வேண்டும், மற்றதற்கெல்லாம் பழைய விண்டோஸும் வேண்டும். உள்ளே டிஸ்க் இரண்டு. ஒன்று சின்னது, வேகமானது. இன்னொன்று பெரியது, மெதுவானது. நீ என்ன செய்தாய்? இரண்டையும் நட்ட நடுவில் வெட்டி, இதில் பாதி அதில் பாதி என்று இரண்டு சிஸ்டத்துக்கும் பங்கு போட்டாய். இப்போது இரண்டுக்கும் மூச்சு முட்டுகிறது. "என்னடா ஆச்சு?" என்று கேட்டேன். "ஒனக்குப் புரியாதும்மா, இது வேற விஷயம். கடைல குடுத்துப் பாத்துக்கறேன்" என்றாய். காலைக் காபி இறங்கிவிட்டது, அந்தப் 'புரியாதும்மா' மட்டும் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

அம்மா விதை நிலையத்தில் டைப் அடித்தாள் என்பதுதான் உனக்குத் தெரியும். அங்கே எதற்காக என்னைத் தற்காலிகத்திலிருந்து நிரந்தரமாக்கினார்கள் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மகனே, நீ பிறப்பதற்கு முன்பே இரண்டு டிஸ்க்கை நட்ட நடுவில் வெட்டி மாட்டிக்கொண்டவள் நான். நீ செய்த அதே தப்பு, அச்சு அசலாக. அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்ல எழுபதுகளுக்குப் போகவேண்டும், போலகத்துக்கும் போகவேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. என் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். இருந்ததே இரண்டு வயல்தான். மேலண்டை வயல் வாய்க்காலை ஒட்டியது, பம்புசெட்டும் அதன் தலைமாட்டிலேயே இருந்தது. மடையைத் திறந்த நிமிடத்தில் தண்ணீர் பாயும். கீழண்டை வயல் கடல் பக்கம். பரப்பில் பெரியது, ஆனால் தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதற்குள் பொழுது போய்விடும். ஆளுக்கு ஒரு வயல் என்று பிரித்திருக்கலாம்தானே? நம் பக்கத்தில் அது நடக்காது. நல்லதிலும் பாதி, மட்டமானதிலும் பாதி. அப்போதுதான் எந்தத் தம்பியும் அண்ணனைக் குறை சொல்லமாட்டான். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பத்திரம் பதிகிற நொத்தேரிடம் எழுதிப் பழகிய பெரியவர் ஒருவர் வந்து பாகப் பத்திரம் எழுதினார். இரண்டு வயலிலும் கயிறு பிடித்து நடுவில் புது வரப்பு போட்டார்கள். அப்போது கதிர் வந்திருந்தது. வரப்புக்கு இந்தப் பக்கப் பயிர் அப்பாவுக்கு, அந்தப் பக்கப் பயிர் சித்தப்பாவுக்கு. ஒரு பயிர் சாகவில்லை. ஆனால் வரப்பு ஒரு முழம் தள்ளிப்போய்விட்டது என்று அன்றைக்குத் தொடங்கிய சண்டையில் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சொல்லவேண்டியது இருந்தால் என் மூலமாகத்தான் சொல்லிக்கொள்வார்கள், அதுவும் ஒருவருக்கொருவர் எதிரிலேயே நின்றுகொண்டு.

எண்பதுகளின் கடைசியில் தஞ்சாவூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தனியார் விதை நிலையம் ஒன்றில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். விவசாயிகள் கொண்டுவரும் விதைநெல்லில் நூறு மணியை எடுத்து ஈரத்தாளில் பரப்பி, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிச் சொல்லும் இடம் அது. எண்ணுவது ஜெய்பு அக்கா, ஜெய்புன்னிசா, திருமலைராயன்பட்டினத்துக்காரர். எண்ணியதை ஏற்றுவது நான். நிலையத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் இருபது எம்.பி. டிஸ்க் ஒன்று, புதியது, வேகமானது. பழைய மிஷினிலிருந்து கழற்றி மாட்டிய பத்து எம்.பி. டிஸ்க் இன்னொன்று. அது சுற்றும் சத்தம் மாவு மில் சத்தம்போல இருக்கும். இருபது எம்.பி. என்றால் இன்றைக்கு உன் போனில் நாலு படம். அன்றைக்கு அது எங்களுக்கு ஒரு களஞ்சியம்.

விதை மூட்டைக்குச் சீட்டு அடிக்கிற புரோகிராம், உன் விண்டோஸுக்குத் தாத்தா முறையான டாஸில்தான் ஓடும். முளைப்புக் கணக்குப் போடுகிற புரோகிராமைப் பாண்டிச்சேரித் தலைமையகம் யூனிக்ஸில் எழுதி, ஒரு கட்டு பிளாப்பியாக அனுப்பியிருந்தது. உன் லினக்ஸுக்கு அது பெரியப்பா முறை என்று வைத்துக்கொள். ஒரே மிஷினில் இரண்டும் ஓடவேண்டும். பாண்டியிலிருந்து வந்த இன்ஜினியர் உதட்டைப் பிதுக்கினார். "இவ்ளோ சின்ன டிஸ்க்குல ரெண்டும் ஒக்காராது சார். ரெண்டு வாரம் பாருங்க. ஆவலன்னா மிஷினை நாங்க எடுத்துக்கறோம். விதைய பஸ்ஸுல பாண்டிக்கு அனுப்பிடுங்க, அங்க பாத்துச் சொல்லிடுவோம்" என்று எங்கள் மேலாளரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எல்லார் வயலையும் நனைத்துவிட்டு, கடைசியாகத்தான் நம் வாய்க்காலுக்கு வரும். அந்தத் தண்ணீர் வருவதற்குள் பம்புசெட்டை வைத்து நாற்றாவது விட்டிருந்தால்தான் பருவத்தைப் பிடிக்கமுடியும். விதையும் பாண்டிக்குப் போய் அங்கே வரிசையில் நின்று வந்தால், தண்ணீர் வந்த பிறகு விதைக்கு முடிவு வரும். என் வேலையும் அந்த மிஷினோடு ஒட்டியதுதான். மிஷின் போனால் நானும் போகவேண்டியவள். மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நீ படிச்ச பொண்ணுதானம்மா, ஏதாவது பண்ணிப் பாரேன்" என்றார். நல்ல மனுஷர். கம்ப்யூட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று கடைசிவரை நம்பியவர்.

நான் பண்ணினேன். கையேட்டைப் புரட்டினேன், 'பார்ட்டிஷன்' என்ற சொல்லைப் பார்த்தேன், உடனே சிரிப்பு வந்துவிட்டது. பாகப்பிரிவினை! இது எனக்குத் தெரியாதா? பத்து வயதில் கண்ணால் பார்த்ததாயிற்றே. நல்லதில் பாதி, மட்டமானதில் பாதி. வேகமான டிஸ்க்கை நடுவில் வெட்டினேன், மெதுவானதையும் நடுவில் வெட்டினேன். பழைய டிஸ்க்கில் மூன்று வாரமாக நான் ஏற்றிவைத்த முளைப்பு விவரம் முழுவதும் இருந்தது. "எல்லாம் அழியும், சரியா?" என்று மிஷின் இங்கிலீஷில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டது. கதிர் நிற்கிற வயலிலேயே வரப்பு போட்டதைப் பார்த்தவள் நான். வரப்பு போட்டால் பயிர் சாகுமா? சரி என்று அழுத்தினேன்.

செத்துவிட்டது தம்பி. அறுநூறு பேர் விதையின் விவரம் ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை. நகல் எடுத்துவைக்கவில்லை. எடுக்கவேண்டும் என்று தெரியும், ஆனாலும் எடுக்கவில்லை. இதை நான் உன் அப்பாவிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஜெய்பு அக்கா முளைவிட்ட நெல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து எட்டிப்பார்த்தார். "அல்லாவே, இதுக்கா புள்ள அழுவுற? நான் எழுதுன நோட்டு ஒண்ணும் அழியலயே. நான் படிக்கிறேன், நீ அடி" என்றார். நான்கு நாள். அவர் படிக்கப் படிக்க நான் ஏற்றினேன். அவர் தொண்டை கட்டிவிட்டது, எனக்கு விரல் வீங்கிவிட்டது.

அழிந்தது திரும்ப வந்துவிட்டது, ஆனால் பிரித்த விதம் தப்பாகவே நின்றது. யூனிக்ஸுக்கு வேகமான டிஸ்க்கில் கொடுத்த பாதி போதவில்லை. அதன் உடம்பில் பாதி மெதுவான டிஸ்க்கில் போய் உட்கார்ந்தது. டாஸுக்குக் கொடுத்த பாதியில் இடம் சும்மா கிடந்தது. ஒரு கட்டளை கொடுத்துவிட்டு, எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் பதில் வந்திருக்காது. போதாததற்கு விவரமும் இரண்டு பங்காகக் கிடந்தது. இங்கே திருத்தினால் அங்கே திருத்தவேண்டும். கணக்கு ஒன்று சொல்லும், சீட்டு ஒன்று சொல்லும். இன்ஜினியர் வர இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. "செவ்வாக்கெழம வர்றாராம்மா" என்று மேலாளர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை போலகம் வீட்டில் என் மூஞ்சியைப் பார்த்த அம்மா, "இங்க ஒக்காந்து சொவத்த மொறைக்காம, வயலுக்குக் காபி கொண்டுபோய்க் குடு" என்று தூக்கைக் கையில் திணித்தாள். போனேன். மேலண்டை வயலில் என் அப்பா சேற்றில் நின்று நாற்றங்காலைச் சமன் செய்துகொண்டிருந்தார். நாலடி தள்ளிச் சித்தப்பாவும் அதையே செய்துகொண்டிருந்தார். ஒரே பாத்தி, நடுவில் ஓரடி வரப்பு, அவ்வளவுதான். அது அப்பாவின் பங்கு நிலம். சித்தப்பா ஏன் அங்கே நிற்கிறார்? எனக்கு இருந்த எரிச்சலில், "பாகம் பிரிச்சு பேச்சே இல்லாமப் போச்சு, நாத்து மட்டும் என்ன ஒரே எடத்துல?" என்று கத்திவிட்டேன்.

அப்பா நிமிரவே இல்லை. "நாத்தங்கால் பம்புசெட்டுக்குப் பக்கத்துலதான இருக்கணும்? அதுக்கு எவ்ளோ எடம் வேணும், இத்துனூண்டு. இங்க மொளைக்கட்டும். பறிச்சு எடுத்துட்டுப் போயி அவன் வயல்ல அவன் நட்டுக்கறான், என் வயல்ல நான் நட்டுக்கறேன்" என்றார். சித்தப்பா என்னைப் பார்த்து, "ஒங்கப்பாகிட்ட சொல்லும்மா, வரப்ப இந்த வருஷமும் என் பக்கந்தான் தள்ளிப் போட்டுருக்காரு" என்றார்.

வருஷா வருஷம் நான் பார்த்த காட்சிதான் அது. நாற்றங்காலும் அங்கேயேதான், அறுத்த நெல் இரண்டையும் அடிக்கிற களமும் கீழண்டை மேட்டில் பொதுவாக ஒன்றேதான். பத்திரத்தில் இருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது, வயலில் நடந்தது ஞாபகம் இல்லை. சிஸ்டம் என்பது நாற்று. அதற்குத் தேவை கொஞ்ச இடம், ஆனால் தண்ணீருக்குப் பக்கத்தில். இரண்டு நாற்றும் வேகமான டிஸ்க்கிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், எதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. விவரம் என்பது நெல். மெதுவான டிஸ்க் பொதுக் களமாக இருக்கட்டும், அங்கே ஒரே குவியலாகக் கிடக்கட்டும், இரண்டு பேரும் வந்து அள்ளிக்கொள்ளட்டும். காபித் தூக்கை வரப்பிலேயே வைத்துவிட்டு ஓடினேன். "காபிய ஊத்திட்டுப் போம்மா!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக நகல் எடுத்தேன். எல்லாவற்றையும் பிளாப்பியில் போட்டு, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, பெட்டியில் வைத்துச் சாவியை ஜெய்பு அக்கா கையில் கொடுத்தேன். அப்புறம் துடைத்தேன். வேகமான டிஸ்க்கில் பன்னிரண்டு யூனிக்ஸுக்கு, எட்டு டாஸுக்கு. மெதுவான டிஸ்க்கை வெட்டவே இல்லை, முழுவதும் ஒன்று. அதை டாஸ் படிக்கிற முறையில் வைத்தேன். யூனிக்ஸும் அதை எட்டிப் படிக்க வழி உண்டு என்று கையேட்டின் பின்பக்கத்தில் நாலு வரி போட்டிருந்தது. பிளாப்பி பிளாப்பியாக மாற்றி மாற்றிப் போட்டு, அலுவலகம் பூட்டுகிற நேரத்துக்கு இரண்டும் ஏறி முடிந்தன. பட்டியலைக் கேட்டேன். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரையில் வந்து நின்றது. ஜெய்பு அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். இருபத்துநான்கு வயதுப் பெண், தற்காலிக வேலை, மேலாளர் பார்க்கிறார், எதுவும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜீப்பில் வந்தார் இன்ஜினியர், மரப்பெட்டியும் வைக்கோலும் சகிதமாக. முற்றத்தில் விதை முடிவு கேட்க வந்த விவசாயிகள் நாற்பது பேராவது இருப்பார்கள். அதில் அப்பா ஒரு கோடி, சித்தப்பா மறு கோடி. மேலாளர், "பொண்ணு ஏதோ காட்டணுங்குது. பாத்துட்டு அப்பறம் எடுத்துட்டுப் போங்க" என்றார். மிஷினை ஏற்றினேன். எந்த சிஸ்டம் என்று அது கேட்டது. ஒரு சொல் அடித்தேன், டாஸ் வந்தது, பிரிண்டர் கிர்ரென்று சீட்டு அடித்தது. அணைத்து ஏற்றினேன், யூனிக்ஸ் வந்தது, முளைப்புப் பட்டியல் அடித்தது. இரண்டிலும் ஒரே எண்.

"வெவரத்த ரெண்டு எடத்துலயும் டைப் பண்ணீங்களா?"

"இல்ல சார். ஒரே எடந்தான், மெதுவா சுத்துற டிஸ்க்குல. ரெண்டும் அங்க வந்து படிச்சிக்கும். வேகமானதுல சிஸ்டம் மட்டுந்தான்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அரைமணி நேரம் தானே தட்டித் தட்டிப் பார்த்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்து, "பன்னெண்டு, எட்டு, மீதி முழுசு. சரிதானங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். முந்தின தடவை என்னை 'ஏம்மா' என்றவர் இப்போது 'ங்க' போட்டார்! மரப்பெட்டி காலியாகவே நின்றது. அதை ஜெய்பு அக்கா முளைத்தட்டு அடுக்க வைத்துக்கொண்டார். மேலாளர் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று பெயர் பெயராக வாசித்தார். அப்பாவுக்கு எண்பத்தெட்டு. சித்தப்பாவுக்குத் தொண்ணூற்றிரண்டு. சித்தப்பா என்னைத் தேடினார், சொல்லியனுப்பத்தான். நான் பிரிண்டர் பக்கம் இருந்தேன். பொறுக்கமுடியவில்லை அவருக்கு. முற்றத்தைக் குறுக்கே கடந்து போய், "அண்ணே, எனக்குத் தொண்ணூத்தி ரெண்டுண்ணே!" என்றார். பதினான்கு வருஷத்துக்கு அப்புறம் நேராகச் சொன்ன முதல் பேச்சு. அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "எம்பொண்ணு கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுடா" என்றார். அந்த வருஷம் நம் பக்கத்து நாற்று, தண்ணீர் வருவதற்கு முன்பே தயாராக நின்றது. என்னை நிரந்தரமாக்கியதும் அதற்காகத்தான். அன்றைக்கு என் நடையைப் பார்த்திருந்தால் நீ மயங்கி விழுந்திருப்பாய்.

இவ்வளவு கற்றவள், வீட்டில் மறுபடி அதே தப்பைச் செய்தேன். நீ பிறந்த பிறகு ஒவ்வொரு மணி நேரத்தையும் நடுவில் வெட்டினேன். அரைமணி உனக்கு, அரைமணி மடியில் அலுவலக நோட்டு. கதை சொல்லிக்கொண்டே எண் கூட்டுவேன். உனக்கு ஆறு வயது. ஒருநாள் என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அம்மா, நீ பாதிதான் வீட்டுக்கு வந்துருக்க" என்றாய். உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு மறக்காது. மறுநாளிலிருந்து நோட்டை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அதற்கு முந்தின வருஷங்களை நான் திருப்பித் தர முடியாது தம்பி. அதற்கு நகல் கிடையாது.

நீயும் கயலும் போன வாரம் கூடத்தில் உட்கார்ந்து போட்ட திட்டம் என் காதில் விழுந்தது. ஒரு ஞாயிறு எங்களுக்குப் போன், அடுத்த ஞாயிறு அவள் அம்மாவுக்கு. பொங்கல் இங்கே, தீபாவளி அங்கே. சமையலில் பாதி, துணியில் பாதி. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் தாத்தாக்களும் அப்படித்தான் கயிறு பிடித்து அளந்தார்கள். கயல் கேட்ட நிமிடத்தில் முடிவெடுப்பவள், நீ மூன்று நாள் யோசிப்பவன். இரண்டையும் வெட்டிக் கலந்தால் இரண்டுமே உருப்படாது. வேகம் வேண்டிய இடத்தில் அவளை முன்னால் விடு. நின்று காக்கவேண்டியதை நீ காத்துக்கொள். எங்களுக்கு உன் வேகமான டிஸ்க்கில் இடம் வேண்டாம். அங்கே நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முளைத்து எழுங்கள். என்னையும் உன் அப்பாவையும், கயல் வீட்டாரையும், அந்த மெதுவான பெரிய இடத்தில் வை. வெட்டாமல் வை. யார் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

சரி, கார் சத்தம் கேட்பதற்குள் முடிக்கவேண்டும். இதைப் படிக்கத் தொடங்கும்போதே உனக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். ஆமாம், நீ இதைப் படித்துக்கொண்டிருப்பது உன் லேப்டாப்பில்தான். நீங்கள் தெருமுனை திரும்பியதுமே உட்கார்ந்துவிட்டேன். முதலில் எல்லாவற்றையும் என் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தேன். எடுத்ததைத் திறந்து திறந்து பார்த்தேன், கயலோடு நீ எடுத்துக்கொண்ட படங்கள் உட்பட. அழகாக இருக்கிறாள். அப்புறம்தான் கை வைத்தேன். கேட்காமல் தொட்டது தப்புதான், மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். வேகமானதில் உன் லினக்ஸும் விண்டோஸும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. மெதுவானதை வெட்டவில்லை. கடைக்காரருக்கு வேலை மிச்சம்.

இப்போது இதை அணைத்துவிட்டு மற்றதில் ஏற்றிப் பார். அதிலும் இந்தக் கடிதம் இருக்கும்.

அம்மா